எம்ஜிபியின் இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்: முதலில் காற்று, அப்புறம்தான் பெட்ரோல்

என்னுடைய 1967 எம்ஜிபி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், கொஞ்ச காலமாகவே ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும்போது, அடங்க மறுத்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்வரை தொந்தரவில்லை. சூடேறிவிட்டால் 700 ஆர்பிஎம்மில் (நிமிஷத்துக்கு 700 சுற்றில்) நிற்க வேண்டியது 1,200-க்கு ஏறிவிடும். சரி என்று ஐட்லிங் ஸ்குரூவைக் குறைத்தால் அடுத்த சிக்னலில் அணைந்துபோகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காது, யோசித்து யோசித்துத்தான் இறங்கும். இறக்கத்தில் கியரில் விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும்.

இதைச் சொன்னால் பழைய கார் வைத்திருப்பவர்களில் பலர் "மிக்ஸ்சர் சரியில்லை, ஜெட்டைத் திருகிப் பாருங்கள்" என்பார்கள். மிக்ஸ்சர் என்பது காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதம், ஜெட் என்பது பெட்ரோல் வரும் துளை. இன்னும் சிலர் இதிலுள்ள இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் கழற்றிப் போட்டுவிட்டு, வெபர் என்ற வேறு வகை கார்புரேட்டர் ஒன்றை மாட்டச் சொல்வார்கள். இரண்டுக்கும் நான் உடன்படவில்லை. இந்தக் காரில் ட்யூனிங்குக்கு ஒரு வரிசை உண்டு: டேப்பெட் (வால்வு இடைவெளி), பாயிண்ட் (தீப்பொறிக்கான தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்), அப்புறம் காற்று, கடைசியில் பெட்ரோல். வரிசையை மாற்றினால் ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மூடிவைத்த மாதிரி ஆகும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் தாய்மாமா. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதல் மூன்றும் ஒரு காலை வேலை. டேப்பெட் இடைவெளி எஞ்சின் குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் 0.015 அங்குலம், புத்தகம் 0.014 முதல் 0.016 வரை அனுமதிக்கிறது. ஸ்டாடிக் டைமிங் 10 டிகிரி. ஒரு டேப்பெட் மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தது, மற்றதெல்லாம் இருக்க வேண்டிய அளவில் இருந்தன. ஆக, கோளாறு காற்றில்.

எஸ்யூவைத் தெரியாதவர்களுக்கு அது வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், மீதி புரிய அது வேண்டும். எஸ்யூ என்பது ஸ்கின்னர்ஸ் யூனியன் என்ற பெயரின் சுருக்கம். மற்ற பல கார்புரேட்டர்களில் ஐட்லிங்குக்கு ஒரு ஜெட், ஓட்டத்துக்கு ஒரு ஜெட் என்று துளைகள் பல இருக்கும். எஸ்யூவில் ஒரே ஜெட், ஒரே ஊசி. மேலே தொப்பி போல டாஷ்பாட், அதற்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனின் அடியில் நுனி நோக்கி மெலியும் ஊசி. எஞ்சின் எவ்வளவு காற்று இழுக்கிறதோ அந்த அளவுக்குப் பிஸ்டன் தானாக எழும். ஊசியும் கூடவே எழுந்து ஜெட்டின் வழியை அகலமாக்கும், பெட்ரோல் கூடும். காற்றைப் பார்த்துப் பெட்ரோலைத் தானே அளந்து கொடுக்கும் இந்த எளிமைக்காகத்தான் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களில் பாதி இதை மாட்டிக்கொண்டு ஓடின. எம்ஜிபியின் 1,798 சிசி எஞ்சினில் இருப்பவை எச்எஸ்4 என்ற ஒன்றரை அங்குல எஸ்யூ இரண்டு.

ஆனால் பிஸ்டனைத் தாண்டிய பிறகு வேறு வழியாகக் காற்று உள்ளே வந்தால் அது கணக்கில் வராது. அந்தக் காற்றுக்குப் பெட்ரோல் கிடைக்காது. பழைய எஸ்யூக்களில் அப்படிக் காற்று நுழையும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது காற்றுவழியைத் திறக்கும் தகட்டைச் சுழற்றும் தண்டின், அதாவது த்ராட்டில் ஷாஃப்ட்டின், இரண்டு முனைகள். ஷாஃப்ட் பித்தளை, பாடி அலுமினியம். ஐம்பது அறுபது வருஷம் ஒரே இடத்தில் சுழன்றால் துளை நீள்வட்டமாகிவிடும்.

சோதிப்பது எளிது. எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது ஷாஃப்ட் முனையில் கார்புரேட்டர் கிளீனரைத் துளி அளவு அடித்தேன். ஆர்பிஎம் சட்டென்று மாறியது. பின்பக்க கார்புரேட்டரில் மாற்றம் இன்னும் அதிகம். இதைச் செய்பவர்கள் தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எம்ஜிபியில் இன்லெட்டும் எக்ஸாஸ்ட்டும் எஞ்சினின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. கார்புரேட்டருக்கு நேர் அடியில் சுடச்சுட எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். எஞ்சினை அணைத்துவிட்டு ஷாஃப்ட்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தேன். ஆட்டம் விரலுக்கே தெரிந்தது.

இந்தக் கார் எங்கள் குடும்பத்துக்கு வந்த கதையைச் சொல்லாமல் இதைக் கழற்றிய கதையைச் சொல்ல முடியாது. மாமா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் மெக்கானிக். அந்தத் தளத்தில் தமிழரும் மலையாளிகளும் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். 1971-ல் பிரிட்டிஷ் படைகள் சிங்கப்பூரை விட்டுக் கிளம்பியபோது, ஊருக்குப் போகும் ஒரு தொழில்நுட்பக்காரர் தன் எம்ஜிபியை மாமாவிடம் விற்றார். கார் மாமா கைக்குப் புதிதல்ல. அதற்கு முன்னாலும் அதைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

அந்த நாளில் மாமாவுக்கு ஈஸ்டர் விடுமுறை என்றால் சிங்கப்பூரின் கார் பந்தயம் நடந்த தாம்சன் ரோடுதான். 1961-ல் அங்கே முதல் கிராண்ட் பிரீ நடந்தபோது ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ் காரில் இயன் பார்ன்வெல் ஜெயித்ததையும், அடுத்த வருஷம் யோங் நாம் கீ ஜாகுவார் ஈ-டைப்பில் ஜெயித்ததையும் அவர் சொல்லிச் சொல்லியே நான் நேரில் பார்த்த மாதிரி மனதில் பதிந்துவிட்டது. ரோட்டில் ஓடக்கூடிய ஸ்போர்ட்ஸ் கார்கள் கிராண்ட் பிரீயையே ஜெயித்த காலம் அது. நான் பையனாகப் போய்ப் பார்த்தபோது ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள்தான் முன்னால் ஓடின. 1970-ல் கிரேம் லாரன்ஸின் சிவப்பு ஃபெராரி டீனோவின் சத்தம் மரங்களுக்குப் பின்னாலிருந்தே கேட்கும், கார் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே. என் மனசு மட்டும் துணைப் பந்தயங்களில் ஓடிய ஸ்போர்ட்ஸ் கார்களோடுதான் இருந்தது.

தாம்சன் சுற்று 4.8 கிலோமீட்டர். அப்பர் தாம்சன் ரோட்டின் நேர்வழியில் ஹம்ப் என்ற மேடு, அங்கே கார்கள் தரையை விட்டு எழும். அப்புறம் பழைய அப்பர் தாம்சன் ரோட்டுக்குள் நுழைந்தால் சர்க்கஸ் ஹேர்பின், ஸ்நேக்ஸ் என்ற வளைவுகள், டெவில்ஸ் பெண்ட். ஓரத்தில் பெரிய வடிகால், விளக்குக் கம்பம், மரம். அது எவ்வளவு ஆபத்தான சுற்று என்பது பையனாக இருந்த எனக்குப் புரியவில்லை. பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது, 1973-க்குப் பிறகு பந்தயமே நின்றுவிட்டது. இன்று அதே ரோட்டை ஒட்டி 2019-ல் திறந்த தாம்சன் இயற்கைப் பூங்கா இருக்கிறது. குரங்கு பார்க்க வரும் பிள்ளைகளுக்கு அங்கே இருந்த வேகம் தெரிய வாய்ப்பில்லை. தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

மாமா அங்கே செய்தது, நண்பர் ஒருவரின் ஸ்போர்ட்ஸ் காரைப் பந்தயக் காலையில் ட்யூன் செய்து கொடுப்பது. அந்தக் காரிலும் இரட்டை எஸ்யூ. ஒரு அடி நீள ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொள்வார், மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயில் பிடிப்பார். முன்னது, பின்னது, மறுபடி முன்னது. "மாப்ளே, ரெண்டும் ஒரே சுருதியில ஊதுதா பாரு" என்று குழாயை என் காதில் வைப்பார். எனக்குக் கேட்கும். பதில் சொல்வதற்குள் ஸ்குரூவைத் திருப்பியிருப்பார்.

சரி, கழற்றிய கதைக்கு வருகிறேன்.

வீவக (அரசு அடுக்குமாடிக் குடியிருப்பு) கார்ப்பார்க்கில் இந்த வேலையெல்லாம் செய்ய முடியாது. காக்கி புக்கிட்டில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒரு மூலையைக் கொடுத்தார். இரண்டு கார்புரேட்டரையும் மேனிஃபோல்டிலிருந்து எடுத்து, முன்னது எது பின்னது எது என்று சுரண்டிக் குறித்தேன். ஒவ்வொன்றின் டாஷ்பாட்டும் பிஸ்டனும் ஜோடி. ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றின் டாஷ்பாட்டில் போடவே கூடாது. அதனால் தனித்தனித் தட்டு. டாஷ்பாட் ஸ்குரூக்களைக் கழற்றும் முன் டாஷ்பாட்டுக்கும் பாடிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டேன், திரும்ப அதே நிலையில் உட்கார வேண்டும் என்பதற்காக.

டாஷ்பாட்டின் உட்சுவரில் உப்புத்தாள் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பெட்ரோலில் நனைத்த துணி போதும். சுத்தம் செய்த பிறகு பிஸ்டனின் அடியிலுள்ள துளைகளை அடைத்து, ஸ்பிரிங் இல்லாமல், டேம்பரோடு (பிஸ்டனின் வேகத்தை எண்ணெயால் தணிக்கும் பாகம்) டாஷ்பாட்டுக்குள் முழுக்க நுழைத்து, தலைகீழாகப் பிடித்து டாஷ்பாட்டை விட வேண்டும். எச்எஸ்4-க்கு அது 5 முதல் 7 விநாடிக்குள் இறங்கினால் பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். என்னுடையவை இரண்டும் அந்த வரம்புக்குள் வந்தன. ஆக, விலையுயர்ந்த பகுதி பிழைத்தது.

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் அறையின் அடியில் பழுப்பு நிறப் பிசின். சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தில் இருக்கும் காரை வருஷத்தில் 45 நாள்தான் ரோட்டில் எடுக்கலாம். அந்தத் திட்டம் இல்லாவிட்டால் சிஓஇ (கார் வைத்திருக்க வாங்க வேண்டிய உரிமைச் சான்றிதழ்) விலைக்கு இந்தக் கார் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும், அதனால் எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் நிற்கும் காரில் பெட்ரோல் ஆவியாகிப் பிசினை விட்டுப் போகும், ஃப்ளோட்டின் ஊசி வால்வு ஒட்டிக்கொள்ளும். இரண்டு வால்வையும் புதிதாகப் போட்டேன். ஜெட்டுகளும் அவற்றின் நைலான் குழாய்களும் புதிது. பழைய ஜெட்டின் வாய் வட்டமாக இல்லை, ஊசி ஒரு பக்கமாக உரசியிருந்தது.

அடுத்தது த்ராட்டில் ஷாஃப்ட்டில் மாட்டிய பட்டர்ஃப்ளை தகடு. அதைப் பிடித்திருக்கும் இரண்டு சின்ன ஸ்குரூக்களின் நுனி பிளவுபட்டு விரிக்கப்பட்டிருக்கும், கழன்று எஞ்சினுக்குள் விழாமல் இருக்க. அப்படியே திருகினால் ஷாஃப்ட்டின் மரையை அறுத்துக்கொண்டுதான் வெளியே வரும். பிளவை மெல்ல மூக்குப் பிளையரால் நெருக்கிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். தகட்டின் விளிம்பு சாய்வாக வெட்டப்பட்டது, எந்தப் பக்கம் மேலே என்று குறித்துவைத்தேன்.

துளைகளைத் திருத்துவது வீட்டு வேலை இல்லை. இரண்டு பக்கத் துளையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ரீமர் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) போட்டு, திருப்பி மறுபக்கம் போட்டால் நூலளவு விலகினாலும் ஷாஃப்ட் பிடிக்கும். சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஒரு சின்ன லேத் பட்டறை, எழுபது வயதைத் தாண்டிய சீனர் ஒருவர் தனியாக நடத்துகிறார். பாடியைக் கையில் வாங்கி, ஷாஃப்ட்டை அசைத்துப் பார்த்து, "பொலே" (மலாயில் 'முடியும்') என்றார். அவ்வளவுதான். ஒரே பிடிப்பில் இரண்டு துளையையும் பெரிதாக்கி, வெண்கலப் புஷ் கடைந்து அழுத்தி, கடைசியில் 5/16 அங்குல ரீமரை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை ஒரே இழுப்பில் விட்டார். புது ஷாஃப்ட்டை நுழைத்து விரலால் சுண்டினார், சுழன்று நின்றது. மேலும் கீழும் அசைத்தேன், அசையவில்லை. இப்படிப்பட்ட கைகள் இந்த ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன. அவருடைய பட்டறையில் வேலை பழக யாரும் இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலை.

திரும்பக் கோர்க்கும்போது நேரம் பிடித்தது ஜெட்டை நடுவில் உட்கார வைப்பதுதான். 1967 காரில் ஊசி அசையாமல் பொருத்தப்பட்டது, ஆகவே ஜெட்தான் அதற்கு நேர் நடுவில் வர வேண்டும். ஜெட்டின் சரிக்கட்டும் நட்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஜெட்டை முழுக்க மேலே தள்ளி, பூட்டு நட்டைத் தளர்த்தி, பிஸ்டனை மேலிருந்து அழுத்தியபடியே நட்டை இறுக்க வேண்டும். அப்புறம் பிஸ்டனை விரலால் தூக்கி விட்டுவிட்டுக் கேட்க வேண்டும். உலோகத்தில் உலோகம் மோதி 'டக்' என்று ஒலித்தால் சரி. ஜெட்டைக் கீழே இறக்கிவிட்டு மறுபடி தூக்கி விட வேண்டும். இரண்டு 'டக்'கும் ஒரே மாதிரி கேட்க வேண்டும். இரண்டாவது மட்டும் கூர்மையாகக் கேட்டால் முதல் நிலையில் ஊசி எங்கோ உரசுகிறது, திரும்ப முதலிலிருந்து. பின்பக்க கார்புரேட்டர் என்னை வெகுநேரம் உட்கார வைத்தது. பட்டறையில் கம்ப்ரசர் ஓடும்போது இந்த வேலை ஆகாது. மதியம் எல்லாரும் சாப்பிடப் போன பிறகுதான் அந்தச் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

டேம்பர் எண்ணெய் 20 நம்பர். நம் ஊர் வெயிலுக்கு அதைவிட மெல்லியதைப் போடாதீர்கள், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதிக்கும்போது பிஸ்டன் அவசரமாக எழுந்து எஞ்சின் ஒரு கணம் திணறும். பிஸ்டன் தண்டின் விளிம்புக்கு 13 மில்லிமீட்டர் மேல்வரை ஊற்றினேன்.

மாட்டி முடித்து இக்னிஷன் சாவியைத் திருப்பினால் பின்னால் எஸ்யூ மின்பம்ப் 'டிக் டிக் டிக்' என்று வேகமாகத் தட்டத் தொடங்கும். ஃப்ளோட் அறைகள் நிறைய நிறைய வேகம் குறைந்து, அப்புறம் நின்றுவிடும். நின்றால் வால்வுகள் மூடிக்கொண்டன என்று அர்த்தம். நின்றது.

இதே சத்தத்தைத்தான் பாசிர் கூடாங்கில் ஸ்டார்ட் செய்யும் முன் கேட்டுக்கொண்டிருப்பேன். மாமா காரை எனக்குக் கொடுத்த காலத்தில் சிங்கப்பூரில் ஓட்ட ட்ராக் இல்லை. 1986-ல் ஜொகூரில் பாசிர் கூடாங் ட்ராக் திறந்தது எங்களுக்கெல்லாம் பெரிய விடுதலை. பழைய கார்க்காரர்கள் சேர்ந்து ஒரு நாளைக்கு ட்ராக்கை எடுப்போம். விடியும் முன் மலேசியாவுக்குப் போகும் காஸ்வே பாலத்தைத் தாண்டுவோம். வீல் கப் கழற்றி, ஹெட்லைட் கண்ணாடியில் டேப்பைக் குறுக்கே ஒட்டி, பூட்டிலிருந்து ஸ்பேர் டயரை இறக்கிவிட்டால் ரோட்டுக் கார் ரேஸ் கார் ஆகிவிடும். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

சிங்கப்பூரிலிருந்து எல்லையைத் தாண்ட முக்கால் டாங்க் பெட்ரோல் வேண்டும் என்ற விதி 1991-ல் வந்தது. எம்ஜிபி டாங்க் 12 கேலன், அதில் முக்கால் என்றால் நாற்பது லிட்டர், அதாவது முப்பது கிலோ எடை பின்னால். எடையைக் குறைக்க ஸ்பேர் டயரை இறக்கும் ஆட்கள் நாங்கள், எங்களுக்கு அது பெரிய விஷயம். மாமா மட்டும் கவலைப்படவில்லை. "பின் டயர் நல்லாப் பிடிக்கும், ஓட்டுடா" என்பார். ஈரமான காலைகளில் அவர் சொன்னது உண்மையாகவே இருந்தது.

சுமார் 95 குதிரைத்திறன்தான். நேர்வழியில் சாதாரண ஜப்பானிய ஹாட்ச்பேக்கே எங்களைத் தாண்டிப் போகும். ஆனால் 3.86 கிலோமீட்டர் சுற்றில் வளைவுகள் நிறைய. வளைவுக்கு முன்னால் மூன்றாம் கியருக்கு இறக்கி, ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பி, ஆக்சிலரேட்டரால் பின்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டு வளைவை முடிக்கும்போது, இரண்டு எஸ்யூவும் காற்றை இழுக்கும் அந்த உறுமல் வலதுபக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து நெஞ்சில் இறங்கும். அந்த உறுமலுக்காகவே எனக்கு வெபர் வேண்டாம், இன்ஜெக்ஷன் வேண்டாம். இந்த வயதிலும் அதில் மாற்றமில்லை.

1998 நடுவில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றபோது சிலிண்டர் ஹெட்டில் கடினமான எக்ஸாஸ்ட் வால்வ் சீட் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு எஞ்சின் பக்கம் பெரிய வேலை எதுவும் வரவில்லை.

இனி சுருதி சேர்ப்பது. ஜெட்டைப் பாலத்தின் (கார்புரேட்டர் வாயில் ஜெட் திறக்கும் மேடை) மட்டத்துக்குக் கொண்டுவந்து, நட்டின் 12 முகம், அதாவது இரண்டு முழுச் சுற்று, கீழே இறக்கினேன். அது ஆரம்ப நிலை. எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டு, இரண்டு ஷாஃப்ட்டையும் இணைக்கும் கிளாம்பைத் தளர்த்தினேன். என் மகள் வந்திருந்தாள், ஆர்பிஎம் காட்டும் டாக்கோமீட்டரைப் பார்த்து எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். நான் குழாயைக் காதில் வைத்து இரண்டு வாயிலும் காற்றின் இரைச்சலைக் கேட்டு, ஐட்லிங் ஸ்குரூக்களைக் கால் சுற்றுக்கும் குறைவாக நகர்த்தினேன். இரைச்சல் ஒன்றானதும் கிளாம்பை இறுக்கினேன்.

"அப்பா, எனக்கும் காட்டுங்க" என்று குழாயை வாங்கிக்கொண்டாள். "பின்னாடி கொஞ்சம் கனமா கேக்குதே" என்றாள். கேட்டேன். அவள் சொன்னது சரி. கிளாம்பைத் தளர்த்திப் பின்பக்க ஸ்குரூவை ஒரு மயிரிழை வெளியே எடுத்தேன்.

மிக்ஸ்சரைப் பார்க்க ஒவ்வொரு கார்புரேட்டரின் அடியிலும் பிஸ்டனைத் தூக்கும் சின்னக் கம்பி இருக்கிறது. பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்குள் மெல்லத் தூக்க வேண்டும். ஆர்பிஎம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், ஜெட் நட்டை ஒரு முகம் மேலே ஏற்ற வேண்டும். எஞ்சின் தடுமாறினால் பெட்ரோல் குறைவு, கீழே இறக்க வேண்டும். லேசாக ஏறி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரியான இடம். முன்னது 11 முகத்தில் அமர்ந்தது, பின்னது 12-லேயே நின்றது. இரண்டும் இவ்வளவு பக்கத்தில் அமர்ந்தது, எஞ்சினுக்குள் வேண்டாத காற்று நின்றுவிட்டது என்பதற்கு நல்ல அடையாளம்.

ஐட்லிங் இப்போது 700. சூடானாலும் 700. சனிக்கிழமை காலை மண்டாய் ரோடு வழியாக ஒரு ஓட்டம் போய், மூன்றாம் கியரில் இழுத்துக்கொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து எஞ்சினை அணைத்து, ஓரம்கட்டிப் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். நான்கும் வெளிர் பழுப்பு, நான்காவது மட்டும் ஒரு சாயல் கருமை. கருப்பு என்று சொல்ல மாட்டேன். இறக்கத்தில் வெடிச் சத்தம் அறவே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி. மதிய வெயிலில் ஓட்டி நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் அடம்பிடிக்கிறது. எக்ஸாஸ்ட் சூட்டில் ஃப்ளோட் அறைப் பெட்ரோல் கொதித்துப் பொங்குகிறது. கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவிலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் உள்பூச்சு உரிந்திருக்கிறது. பழையதில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால் அதைச் சுரண்டப் போவதில்லை. புதுத் தகடு சொல்லிவைத்திருக்கிறேன். வந்ததும் மாட்டிவிட்டு, எண்களை மறுபடி சரிபார்க்க வேண்டும். இப்போதைய எண்களை ஒரு அட்டையில் எழுதி பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன்: முன்னது 11, பின்னது 12, எண்ணெய் 20 நம்பர்.